கடைசி வரியில் முப்பத்தொன்று

அந்தக் கட்டடத்தில் நாற்பத்தெட்டு வீடுகள். இணையத்துக்காக வெளியிலிருந்து உள்ளே வரும் கம்பி ஒன்றே ஒன்று. மாலை ஏழு மணிக்கு நாற்பத்தெட்டு வீடும் ஒரே நேரத்தில் அந்தக் கம்பிக்குள் தலையை நுழைக்கும்போது, யார் முன்னால், யார் பின்னால் என்று தீர்மானிப்பவர் தரைத்தளத்தில் லிஃப்டுக்குப் பக்கத்து அறையில் இருக்கிறார். ஒரு காலத்தில் துடைப்பமும் பினாயிலும் வைத்திருந்த அறை. மழை நாளில் இன்னும் லேசாக பினாயில் வாசம் வரும்.

அவருக்கு வயது நாற்பத்தைந்து. கட்டடம் முழுக்க அவர் சீல் அக்கா. எழுபதைத் தாண்டியவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இணையம் வேண்டுமென்றால் வயதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

பெயர் பழைய வேலையிலிருந்து வந்தது. பத்தொன்பது வருஷம் ஒரு பார்சல் அலுவலகத்தில் வந்து குவிந்த பெட்டிகளின் முகவரியைப் பார்த்து, எந்த வண்டிக்கு எது என்று ரப்பர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். வலது தோள் இடதைவிட அரை அங்குலம் இறங்கியிருப்பது அதனால்தான். அந்த வேலையை ஒரு இயந்திரம் எடுத்துக்கொண்டபோது, இந்தக் கட்டடச் சங்கத்தில் புகார் எழுதி வாங்கும் வேலைக்கு வந்தார். வேலையோடு தரைத்தளத்தில் இரண்டு அறை வீடும் கிடைத்தது. இணையத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். போகும்போது விட்டுப்போனது ஒரு நோட்டுப் புத்தகமும், விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லும்தான்.

சீல் அக்கா அந்த நோட்டை அரை நாள் படித்தார். பிறகு கணவரிடம் சொன்னார்: "அட, இது நம்ம பார்சல் ஆபீஸ்தாங்க. வண்டிப்புகைதான் இல்ல."

அவர் சொன்னது தப்பில்லை. இணையத்தில் வருவதெல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்கள். சினிமா ஆனாலும் சரி, மாமியார் குரல் ஆனாலும் சரி, பொட்டலமாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றின் மேலும் போய்ச்சேர வேண்டிய முகவரி இருக்கும். கட்டடத்தின் வாசலில் ஃபயர்வால் என்கிற பேரில் ஒரு பழைய கணினி காவல் நிற்கிறது. அதற்கு சீல் அக்கா ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்: இந்த முகவரிக்கு வந்தால் ஒன்று என்று குத்து, அந்த முகவரிக்கு வந்தால் இரண்டு என்று குத்து. உள்ளே மூன்று வரிசைகள். ஒன்று குத்திய பொட்டலம் நிற்காமல் போகும். இரண்டு குத்தியது முறை வந்ததும் போகும். மூன்று குத்தியது மற்றவர்களெல்லாம் போனபிறகு, இடமிருந்தால் போகும். முத்திரைக்கு மரியாதை அந்தக் கணினிக்குள் மட்டும்தான். வாசலைத் தாண்டினால் ஒருத்தரும் மதிக்க மாட்டார்கள். சங்கச் செயலாளர் பதவி மாதிரி.

எல்லா வீட்டுக்கும் இரண்டு. தன் வீட்டுக்கு மட்டும் மூன்று. "வேலி பயிரை மேயுதுன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லக் கூடாது" என்பது அவர் சொன்ன காரணம். பஸ் ஓட்டும் அவர் கணவர் பந்து விளையாட்டுப் பார்க்கும்போது, பந்து பாதி தூரம் போய் நின்று யோசிக்கும். வெளியே பக்கத்து வீடுகளிலிருந்து "கோல்" என்று சத்தம் வந்தபிறகுதான் இவர் வீட்டில் பந்து கிளம்பும்.

எந்த வரியையும் அவர் வாய்வார்த்தைக்காக மாற்றுவதில்லை. புகார்ப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இந்த விதியை அவர் ஒரே ஒருமுறை மீறினார். அது முப்பத்தோராம் எண் வீட்டுக்காக.

முப்பத்தொன்றில் ஒரு தையல்காரர் இருக்கிறார். பிறவியிலேயே காது கேட்காதவர், வாய் பேசாதவர். ஆனால் கட்டடத்திலேயே அதிகம் பேசுகிறவர் அவர்தான். வேறு ஊரில் இருக்கும் அவர் மச்சானும் அதே போல. இருவரும் சேர்ந்து தையல் தொழில் செய்கிறார்கள். இவர் துணி வெட்டுவார், அவர் தைப்பார். தினமும் மாலை ஏழு முதல் எட்டரை வரை வீடியோவில் பேச்சு. பேச்சு என்றால் சண்டை. கைகள் பறக்கும். கழுத்துப்பட்டி கோணலானதற்கு மச்சானின் மூன்று தலைமுறையை இழுப்பார். அந்த நேரத்தில் படம் உறைந்தால், நமக்கெல்லாம் அது படம் நிற்பது; அவருக்கு நாக்கை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி. பாதித் திட்டு நடுவானில் தொங்கும். மறுபக்கம் மச்சான், தான் ஜெயித்ததாக நினைத்துக்கொள்வார்.

இணையத்தைக் கையிலெடுத்த இரண்டாவது மாதம், கணவர் சட்டைக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் சீல் அக்கா இதை நேரில் பார்த்தார். கீழே வந்து, யாரும் கேட்காமலே, பட்டியலின் முதல் வரியில் முப்பத்தொன்றுக்கு ஒன்று என்று எழுதினார்.

ஆறு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. படம் அதேபோல உறைந்துகொண்டுதான் இருந்தது. சீல் அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டார். ஒவ்வொரு வரியும் எத்தனை பொட்டலத்தைத் தொட்டது என்று அந்தக் கணினியே எண்ணி வைக்கும். முதல் வரியின் எண்ணிக்கை ஏறியது. 'எல்லா வீட்டுக்கும் இரண்டு' என்கிற இரண்டாவது வரியின் எண்ணிக்கையும் ஏறியது. அப்போதுதான் உறைத்தது. உள்ளே விடு, விடாதே என்று சொல்லும் வரிகளில், பொருந்தும் முதல் வரியோடு கணினி படிப்பதை நிறுத்திவிடும். முத்திரை வரிகளில் நிறுத்தாது, கடைசிவரை படிக்கும். முதல் வரியில் ஒன்று குத்தும், அடுத்த வரியில் அதன் மேலேயே இரண்டு குத்தும். கடைசியாகக் குத்தியதுதான் செல்லும்.

"பத்தொன்பது வருஷம் இதே வேலை பாத்தவ நான்" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். பார்சல் அலுவலகத்திலும் ஒரு பெட்டியில் இரண்டு முத்திரை இருந்தால் பிறகு குத்தியதுதான் கணக்கு. முப்பத்தொன்றைக் கடைசி வரிக்கு இறக்கினார். அன்றைக்கு மாலை மச்சான் ஒன்றரை மணி நேரம் முழுதாகத் திட்டு வாங்கினார். ஏன் என்று யாருக்கும் தெரியாது, தையல்காரருக்கும்.

இதற்கு மூன்று வருஷம் கழித்துச் சங்கச் செயலாளர் அந்த அறைக்கு வந்தார். நாற்பத்தேழாம் எண், உச்சி மாடி. பள்ளிகளைச் சோதனையிடும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நின்றுகொண்டேதான் பேசுவார், உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரும் உட்கார்ந்துவிடுவார் என்கிற பயம்.

"சீல் அக்கா, அந்த லிஸ்ட்ல எல்லாத்துக்கும் மேல என் வீடு இருக்கணும். முதல் வரி."

"முதல் வரியா சார்?"

"ஏன், காது கேக்கலையா? முதல் வரி. முத்திரை ஒண்ணு."

"இல்ல சார், அந்த மெஷின் படிக்கிற விதம் எப்படின்னா, மேல இருக்கறதால..."

"எனக்கே பாடமா? முப்பது வருஷம் வாத்தியாருங்களையே உக்கார வெச்சுக் கேள்வி கேட்டவன் நான். லிஸ்ட்ல முதல் பேரு யாரோ அவன்தாம்மா முதல்."

"சரி சார். அப்ப பதிவேட்டுல எழுதிக் குடுத்துடுங்க."

செயலாளர் எழுதினார். நல்ல கையெழுத்து. 'நாற்பத்தேழாம் எண் வீட்டின் முகவரி பட்டியலின் முதல் வரியில் இடம்பெற வேண்டும்.' கீழே கையொப்பம், தேதி, ஒரு கோடு. சீல் அக்கா எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்தார். பத்து நிமிஷத்தில் மேலேயிருந்து ஃபோன்.

"பாத்தீங்களா! பறக்குது!"

"சந்தோஷம் சார்."

எட்டு மாதம் பறந்தது. பறந்த சந்தோஷத்தில் செயலாளருக்கு அடுத்த ஆசை வந்தது. எந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்று வாராவாரம் தனக்கு ஒரு பட்டியல் வேண்டும்.

"சங்கத்தோட ஒழுக்கத்துக்காகக் கேக்கறேன்."

"என் பட்டியல்ல அட்ரஸ் மட்டும்தான் சார் இருக்கு. பார்சல பிரிச்சுப் பாக்கற பழக்கம் எனக்குக் கிடையாது."

"பிரிக்க முடியுமா, முடியாதா?"

"ஒழுக்கத்துக்கு எங்கிட்ட முத்திரை இல்ல சார்."

மறுவாரம் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. கட்டடத்தின் இணையத்தை ஒரு கம்பெனியிடம் கொடுப்பது பற்றி ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொதுக்கூட்டம், பிறகு ஓட்டெடுப்பு. கம்பெனி ஒரு பெட்டியை வைக்கும், பெட்டி எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும், ஆள் வேண்டாம். ஆள் வேண்டாம் என்றால், ஆளுக்குக் கொடுத்த இரண்டு அறை வீடும் வேண்டாம். இது தாளில் இல்லை. இருந்தாலும் சீல் அக்கா அதையும் சேர்த்தே படித்தார். கம்பெனியின் இன்ஜினியர் வந்து இப்போதைய ஏற்பாட்டின் குறைகளை எல்லோர் முன்னாலும் காட்டுவார் என்பது கடைசி வரி.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போது கணவர் ஆரம்பித்தார்.

"அந்தத் தையல்காரன் வரியை எடுத்துடு."

"எதுக்கு?"

"எதுக்கா? பதிவேட்டுல அதுக்குக் கையெழுத்து இருக்கா? ஊருக்கெல்லாம் எழுதிக் குடு, எழுதிக் குடுன்னு கழுத்தறுத்த. உன்னோடதுலயே ஒண்ணு எழுதாம கெடக்கு. செயலாளரு நாளைக்கு அதை வெச்சுதான் உன்ன மடக்குவான்."

"எடுத்துட்டா அவரு எப்படிப் பேசுவாரு?"

"பேசறானா? திட்டறான்!"

"திட்டட்டும். உங்க பஸ்ஸுக்குக் குறுக்க எவனாவது வந்தா நீங்க எழுதியா காட்டறீங்க?"

"சரி, நாளைக்குக் காலைல எடுத்துட்டு, கூட்டம் முடிஞ்சதும் திரும்பப் போட்டுடு. யாருக்குத் தெரியும்?"

சீல் அக்கா அறைக்குப் போய்ப் பட்டியலைத் திறந்தார். மொத்தம் நாலே வரி. கடைசி வரியில் போய் நின்றார். இரண்டு விசை தட்டினால் போய்விடும். கணவர் சொன்னது நடக்கக் கூடியதுதான். அதில்தான் அவருக்கு எரிச்சல். பட்டியலைச் சொந்தத் தேவைக்கு ஒரு தடவை மறைத்துவைத்தவர், மறுபடி யாரிடம் போய் எழுதிக் கொடு என்று கேட்பது? திறந்ததை அப்படியே மூடிவிட்டு வந்து பாத்திரம் தேய்த்தார். அன்றைக்குப் பாத்திரங்கள் சத்தம் அதிகம் போட்டன.

ஞாயிறு காலை கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். வீட்டுக்கு ஒருவர் என்று சொல்லியிருந்தும் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். சண்டை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? இன்ஜினியர் ஐம்பது வயதுக்காரர், ஒரு முழங்காலில் பட்டை. மெதுவாக நடந்துவந்து, சீல் அக்காவின் பட்டியலைச் சுவரில் பெரிதாகத் தெரியும்படி போட்டார்.

"முதல் வரி" என்று படித்தார். "நாப்பத்தேழாம் நம்பர். முத்திரை ஒண்ணு. அதாவது, எல்லாருக்கும் முன்னால."

நாற்காலிகள் நகரும் சத்தம்.

"நான்தான் அன்னிக்கே சொன்னேனே!" என்று பன்னிரண்டாம் எண் பல் டாக்டர் எழுந்தார். "எங்க வீட்டுல படம் சுத்திச்சுத்தி நிக்கும்போதெல்லாம் மேல மட்டும் எப்படி ஓடுதுன்னு பாத்தேன்!"

"அது வந்து, நிர்வாக வசதிக்காக..." என்றார் செயலாளர். காது மடல் சிவந்திருந்தது.

இன்ஜினியர் கையை உயர்த்தினார். தொழில் தெரிந்தவர், பொய்யாகச் சண்டை போட அவருக்கு வரவில்லை. "இருங்க, இருங்க. சண்டை போடாதீங்க. இந்த வரி ஒண்ணுமே பண்ணாது."

"பண்ணாதுன்னா?"

"அடுத்த வரியப் பாருங்க. எல்லா வீட்டுக்கும் ரெண்டு. ஒண்ணு குத்தினது மேலயே ரெண்டு குத்திட்டுப் போயிடும். முத்திரைல கடைசியா குத்தினதுதான் செல்லும். இவருக்கும் உங்களுக்கும் ஒரே வேகம்தான்."

"ஒண்ணும் பண்ணாதா?" செயலாளர் துள்ளி எழுந்தார். "எட்டு மாசமா பறக்குதேய்யா!"

சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. முதலில் சிரித்தது அவர் மனைவி. பிறகு கார் நிறுத்துமிடமே சிரித்தது. மேற்கூரைப் புறாக்கள் எழுந்து போய்விட்டன.

"இந்தம்மா என்னைய ஏமாத்தியிருக்காங்க!"

"எதுல சார் ஏமாத்தினேன்?" சீல் அக்கா பதிவேட்டைப் பல் டாக்டரிடம் நீட்டினார். "முதல் வரி வேணும்னு கேட்டீங்க. இப்பவும் முதல் வரிலதான் இருக்கீங்க. எப்படின்னு சொல்ல வந்தேன், பாடம் எடுக்காதேன்னீங்க."

பல் டாக்டர் அதை உரக்கப் படித்தார். நல்ல கையெழுத்து என்று பாராட்டவும் செய்தார்.

இன்ஜினியருக்குத் தொடர வேண்டியிருந்தது. "மூணாவது வரி. ரெண்டாம் நம்பர், முத்திரை மூணு. இது யாரு வீடு? ரொம்பப் பாவம்."

"நான்தாங்க அந்தப் பாவம்!" பின்வரிசையிலிருந்து சீல் அக்காவின் கணவர் இரு கையையும் தூக்கினார். "நாலு வருஷமா ஒரு கோல் நேரா பாத்ததில்ல!"

மறுபடி சிரிப்பு. செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலாவது வரியப் படிங்க" என்றார்.

"முப்பத்தொண்ணு. முத்திரை ஒண்ணு. இது கடைசி வரி. அதனால இது செல்லும்."

"ஆக, ஒரு வீடு நிஜமாவே எல்லாருக்கும் முன்னால ஓடுது." செயலாளரின் குரல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. "டாக்டர், பதிவேட்டப் பொரட்டுங்க. முப்பத்தொண்ணுக்கு யாரு எழுதிக் குடுத்தா?"

பல் டாக்டர் புரட்டினார். முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை. பிறகு சீல் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும் எழுதித் தரல" என்றார் சீல் அக்கா. "நானே போட்டேன். அவரு கையாலதான் பேசறாரு. படம் நின்னா அவரோட பேச்சு நின்னுபோகுது. உங்களுக்கெல்லாம் படம் நின்னா கத்தறதுக்காவது வாய் இருக்கு. அவரக் கேட்டுட்டு, எழுதி வாங்கிட்டுப் போட்டிருக்கணும். கேக்கல. அது என் தப்புதான். ஆனா எடுக்க மாட்டேன்."

இவ்வளவையும் தையல்காரரின் மனைவி கையால் சொல்லிக்கொண்டே வந்தார். தையல்காரர் எழுந்தார். அவருக்கே இது இப்போதுதான் தெரியும். ஒரு நிமிஷம் முழுக்க அவர் கைகள் காற்றைக் கிழித்தன.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார் பல் டாக்டர்.

"மரியாதையா சொன்னா" என்று மனைவி யோசித்தார், "பாவம் பாத்து யாரும் எதுவும் குடுக்க வேணாம்ங்கறாரு."

"மரியாதை இல்லாம சொன்னா?"

"அதுக்கு இன்னும் கொஞ்சம் நேரமாகும் டாக்டர்."

கூட்டம் இரண்டாகப் பிரிந்து கசமுசவென்று பேச ஆரம்பித்தது. இரக்கம் இருக்கிறது, ஆனாலும் விதி விதிதானே என்றது ஒரு பக்கம். சீல் அக்காவின் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். சாமான்களை எடுத்துப்போக எத்தனை நடை ஆகும் என்று அவர் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்தார்.

இரைச்சல் அடங்கட்டும் என்று இன்ஜினியர் தன் கம்பெனிப் பெட்டியின் திரையைச் சுவரில் போட்டார். நல்ல நோக்கத்தோடுதான்.

"நம்ம பெட்டில இந்தத் தலைவலியே கிடையாது. அட்ரஸோட நிக்காது. யாரு எந்த நேரத்துல எந்தப் பக்கத்துக்குப் போனாங்கன்னு கலர் கலரா காட்டும். இது வேற ஒரு கட்டடம், சும்மா உதாரணத்துக்கு. பதினாலாம் வீட்டுல நேத்து மூணு மணி நேரம் கல்யாணத் தகவல் பக்கம் பாத்திருக்காங்க. பத்தொம்பதாம் வீட்டுல விவாகரத்து வக்கீலைத் தேடியிருக்காங்க."

ஒவ்வொருவரும் அவரவர் முந்தைய நாளை நினைத்துப் பார்த்தார்கள்.

"இத யாரு பாப்பாங்க?" என்று கேட்டார் பல் டாக்டர், குரல் இறங்கி.

"பாஸ்வேர்டு உங்க செயலாளர்கிட்டதாங்க இருக்கும்."

அதற்குப் பிறகு நடந்த ஓட்டெடுப்பு வெறும் சடங்கு. வீட்டுக்கு ஒரு ஓட்டு. நாற்பத்தேழாம் வீட்டின் ஓட்டை, செயலாளர் கையை உயர்த்துவதற்குள், அவர் மனைவி கம்பெனிக்கு எதிராகத் தூக்கிவிட்டார். கம்பெனிக்கு விழுந்தவை நாலு.

சீல் அக்கா தப்பித்தார். வரி இன்னும் தப்பவில்லை. பல் டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார்: பட்டியல் லிஃப்டுக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் காரணமும், வீட்டுக்காரர் கையெழுத்தும் இருக்க வேண்டும். கையெழுத்து இல்லாத வரி திங்கள் மாலைக்குள் போய்விடும். எல்லோரும் கை தட்டினார்கள். சீல் அக்காவும் தட்டினார். அது அவருடைய விதிதானே.

திங்கள் காலை பதினோரு மணிக்குத் தையல்காரர் மனைவியோடு கீழே வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. சீல் அக்கா ஏற்கெனவே எழுதிவைத்திருந்த தாளை நீட்டினார். '31: செவித்திறன் இல்லாதவர்.'

தையல்காரர் பேனாவை வாங்கி, துணியில் கோடு போடுவதுபோல ஒரே இழுப்பில் அதை அடித்தார்.

"என்ன இல்லங்கறத எதுக்கு ஒட்டி வெக்கணும்னு கேக்கறாரு" என்றார் மனைவி. "டாக்டர் வீட்டுக்குப் பக்கத்துல, தலைல முடி இல்லாதவர்னு எழுதுவீங்களாங்கறாரு."

"வாஸ்தவம்தான்." சீல் அக்கா வேறு தாள் எடுத்தார். "மாற்றுத்..."

அந்தச் சொல் முடிவதற்குள் அதற்கும் ஒரு கோடு.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஏதாவது எழுதியாகணும். இல்லன்னா வரிய நானே என் கையால எடுக்கணும். என்னால ஆகாது அது."

மனைவி சொன்னதைத் தையல்காரர் பார்த்தார். சீல் அக்காவின் முகத்தையும் பார்த்தார். கைகள் இம்முறை மெதுவாக அசைந்தன. மனைவி சொல்லச் சொல்ல சீல் அக்கா எழுதினார். 'எண் 31. இந்த வீட்டில் கைகள் பேசுகின்றன. மாலை ஏழிலிருந்து எட்டரை வரை தொழில் பேச்சு. படம் நின்றால் பேச்சு நிற்கும்.'

"தொழில் பேச்சா?" என்று சீல் அக்கா பேனாவை நிறுத்தினார். "நான் பாத்திருக்கேனே அண்ணே."

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. தையல்காரருக்கும் வந்தது, ஆனால் மறைத்துக்கொண்டார். பிறகு செயலாளரின் உச்சி மாடியைக் காட்டிக் கையால் ஏதோ ஒன்று சொன்னார், சுருக்கமாக. மனைவி திரும்பி வாசலைப் பார்த்தார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"அதெல்லாம் எழுத முடியாதுக்கா."

"எழுத வேணாம். எப்படிச் செய்யறதுன்னு மட்டும் காட்டச் சொல்லுங்க."

தையல்காரர் மறுபடி செய்து காட்டினார். சீல் அக்கா பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, பத்தொன்பது வருஷம் முத்திரை குத்திய அந்த வலது கையால் அதேபோல் செய்தார். தையல்காரர் கழுத்துப்பட்டிக்கு அளவு பார்ப்பவர்போலக் கண்ணைச் சுருக்கினார். குனிந்து, அவர் கட்டைவிரலைப் பிடித்து, அரை அங்குலம் உள்ளே தள்ளினார். இப்போது சரி என்று தலையாட்டிவிட்டுப் பதிவேட்டை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.